ஒற்றை ஆள் குடியரசு

வாக்கெடுப்புக்கு மறுநாள் காலையில் குழாய் பவளத்தின் கைக்குத் திறந்தது. ஆதிமூலத்தின் கைக்குத் திறக்கவில்லை.

குழாயில்தான் ஏதோ கோளாறு என்று அவர் முதலில் நினைத்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், எந்த எந்திரத்தையும் உடனே நம்பிவிட மாட்டார். கையைத் துண்டால் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினார். புறங்கையைக் காட்டினார். ஒரு தட்டுத் தட்டினார். குழாய் ஊமையாக இருந்தது. பாத்திரம் கழுவ வந்த பவளம் கையைக் காட்டியதும் தண்ணீர் வெள்ளைவெளேரென்று கொட்டியது.

"நேத்து எதுக்குடி போட்ட?"

"ரகசிய வாக்குதானே? எதுக்குக் கேக்குறீங்க?"

"குழாயே சொல்லிடுச்சே."

"அப்ப அதையே கேட்டுக்கங்க."

ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பெருநிலத்துக்கா போட்ட?"

"தண்ணிக்குப் போட்டேன்."

"நாட்டை வித்துட்டியே புள்ள."

"வித்திருந்தா ஏதாச்சும் கைக்கு வந்திருக்கணும். எனக்கு வந்தது இந்தத் தண்ணிதான். குடிக்க வந்தது."

அவர் பதில் சொல்லாமல் வெளியே போனார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்தச் சண்டையிலும் அவர் பதில் சொல்லாமல் போனதில்லை. பவளத்துக்கு அதுதான் உறுத்தியது.

கருமணல் தீவு அப்படியொன்றும் பெரிய நாடல்ல. ஒரு காலத்தில் ஏதோ ஒரு கம்பெனி, கறுப்பு மணலை அள்ளிக் கப்பலேற்றுவதற்காகத் தமிழ் ஆட்களைக் கூட்டிவந்து இறக்கியது. மணல் குறைந்ததும் கம்பெனி போய்விட்டது. விட்டுப்போன கிடங்கையே நாடாளுமன்றமாக்கி, தங்களுக்கென்று ஒரு கொடியும் தபால்தலையும் போட்டுக்கொண்டு, தீவுக்காரர்கள் ஒரு தனி நாடாகிவிட்டார்கள். கொடி ஏறிய அன்று ஆதிமூலத்துக்கு மீசை அரும்பிய வயது. கொடிக்கம்பத்தைத் தூக்கி நிறுத்தியது அவர் ஓட்டிய பாரந்தூக்கிதான். பிறகு கடல் ஏறியது. கிணறுகள் ஒவ்வொன்றாய் உப்பாயின. தண்ணீர்க் கப்பலை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்பதே தீவின் முழுநேர வேலையானது. அப்போதுதான் கடலுக்கு அப்பாலிருந்த பெரிய நாடான பெருநிலம் வந்தது: கடல்நீரை நன்னீராக்கும் ஆலை, ஆஸ்பத்திரி, அலைச்சுவர், எல்லாவற்றோடும்.

கூடவே ஒரு புதுமாதிரி வாக்கெடுப்பும் வந்தது. அதை விளக்கத் துறைமுக மைதானத்தில் கூட்டம் போட்டவன் நிவேதன் என்ற இளம் அதிகாரி. தமிழைப் பாடம் எடுத்துப் படித்தவன். பேசினால் பிசிறே இருக்காது.

"பழைய தேர்தல்களில் பாதிப் பேர் விரும்பியதை மீதிப் பேரின் தலையில் சுமத்தினார்கள். எங்கள் முறையில் தோற்பவர் எவரும் இல்லை. பெருநிலத்துக்கு வாக்களித்தவர் பெருநிலத்தவர். சுதந்திரத்துக்கு வாக்களித்தவர் சுதந்திர நாட்டவர். குழாய், மின்விளக்கு, ஆஸ்பத்திரிக் கதவு, எல்லாம் அவரவர் கையைப் பார்த்துத் திறக்கும். ஒரே தெருவில், ஒரே வீட்டில் இரண்டு நாடுகள் இருக்கலாம்."

"ஒரே பாயில ரெண்டு நாடு படுத்தா?" என்று பக்கத்து வீட்டு லூர்து கூட்டத்திலிருந்து கத்தினாள். மைதானமே சிரித்தது.

நிவேதன் சிரிக்கவில்லை. "பாய் எந்த நாட்டின் உடைமை என்பது ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் உள்ளது, அம்மா."

சுதந்திர அணியின் தலைவர் எழிலரசு எழுந்தார். கிடங்கு நாடாளுமன்றத்தில் கூரை அதிரப் பேசிப் பழகிய குரல். "பெருநிலத்துப் பொண்டாட்டி சுதந்திர நாட்டுப் புருஷனுக்கு ஒரு குவளை தண்ணி குடுத்தா என்ன செய்வீங்க? ஜெயிலா?"

"கொடுப்பதை நாங்கள் தடுக்கப்போவதில்லை, ஐயா. ஆனால் எங்கள் தண்ணீரில் ஓர் அடையாளப் பொருள் கலந்திருக்கும். உடலுக்குக் கெடுதல் இல்லை. ஒருமுறை சேர்ந்தால் உடம்பைவிட்டுப் போகாது. ஐந்தாம் ஆண்டில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்போம். அடையாளம் இருந்தால், அவர் தன் விருப்பப்படி எங்களோடு சேர்ந்துவிட்டார் என்று பொருள்."

"நாக்கு வறண்டு அண்ணாக்குல ஒட்டிக்கிட்டாலும் உங்க தண்ணியைத் தொட மாட்டோம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பவளமும் தட்டினாள். அவளுக்கு எழிலரசு பேச்சு பிடிக்கும். தட்டிவிட்டு வந்துதான் பெருநிலத்துக்கு வாக்குப் போட்டாள்.

நிவேதனுக்குத் தெரியாத ஒன்று தீவில் இருந்தது. தெரிந்திருந்தால் சிரித்திருப்பானோ என்னவோ. முன்னோர்களைக் கூட்டிவந்த கப்பலில் தண்ணீர் அளந்து ஊற்றப்பட்டதாம். கேட்டவர்களைக் கங்காணி அடித்தானாம். கரையேறியவர்கள் ஒரு முடிவு செய்தார்கள்: இனி நம் வாசற்படி ஏறியவன் தண்ணீர் என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது, கேட்கும் முன் ஒரு செம்புத் தண்ணீர் அவன் முன்னால் இருக்க வேண்டும். வந்தவன் ஒரு வாயாவது குடித்த பிறகுதான் பேச்சு. குடிக்காமல் போனால் உறவு அறுந்தது என்று அர்த்தம். 'தண்ணி தொடாம போயிட்டான்' என்று ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு சாவுக்குக்கூடச் சொல்லியனுப்ப மாட்டார்கள். அந்த ஒரு வாயை யாரும் குடித்த கணக்கில் சேர்ப்பதே இல்லை. மூச்சு விடுவதை யார் கணக்கில் வைக்கிறார்கள்?

வீட்டில் நிலைமை ஒருவாறு படிந்தது. ஆதிமூலம் சோற்றைத் துறைமுகத்திலேயே முடித்துக்கொண்டார். சுதந்திர அணி அங்கே மழைத்தொட்டி கட்டிப் பொது அடுப்பு மூட்டியிருந்தது. மாலையில் வீடு திரும்பியதும் பவளம் செம்பை நீட்டுவாள். வாங்கிக்கொள்வார். 'காத்தாட நின்னு குடிச்சாத்தான் எனக்குத் தண்ணி இறங்குது' என்று சொல்லிக்கொண்டே கொல்லைப்புறம் போவார். காலிச் செம்போடு வருவார். பவளத்துக்கு வயிறு குளிர்ந்துவிடும். பிடிவாதக்காரர்தான், ஆனால் தன் கைத்தண்ணீரை மட்டும் மறுக்கவில்லையே!

"அடையாளம் பாப்பாங்களாமே. பயமில்லையா உனக்கு?" என்று லூர்து ஒரு நாள் கேட்டாள்.

"ஒரு செம்புதானே. அதுக்குப் போய் ஆளை இழுத்துக்கிட்டா போயிடுவாங்க? உன் வீட்டுக்காரரு?"

"அவரு ராத்திரி விளக்கணைச்சப்புறம்தான் சுதந்திரத்தை அவுத்து வைப்பாரு. ஒரு குடம் போகுது." லூர்து கொல்லையை எட்டிப் பார்த்தாள். "இது என்ன அதிசயம்டி? உப்பு மண்ணுல உன் எலுமிச்சை இப்படிக் காய்ச்சுத் தள்ளுது?"

"கை ராசி" என்றாள் பவளம்.

எழிலரசு வாரம் ஒருமுறை ஆதிமூலத்தைப் பார்க்க வருவார். படியேறியதும் செம்பு வைப்பாள்.

"குளுகுளுன்னு இருக்கேம்மா!"

"பெருநிலத்துத் தண்ணிதாண்ணே."

"ஒரு வாய்தானே. மரியாதை." செம்பு காலியாகும். சுதந்திரத்தைப் பற்றி ஒரு மூச்சுப் பேசி முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமுவார். அடுத்த செம்பு வரும்.

ஆதிமூலம் மட்டும் நாளாக நாளாக யார் வீட்டுப் படியும் ஏறாதவராகிப் போனார். கல்யாணத்துக்குப் போனால் பந்தலுக்கு வெளியே நின்று வாழ்த்திவிட்டு வருவார். துட்டிக்கு, சாவு வீட்டுக்குப் போனாலும் தெருவோடு சரி.

"ஊருல என்ன பேசுறாங்க தெரியுமா? தலைக்கனம் ஏறிடுச்சாம் உங்களுக்கு."

"பேசட்டும்."

"எதுக்கு இந்தப் பிடிவாதம்? ஆத்தா சத்தியமா எனக்குப் புரியல. மழைத்தொட்டி காஞ்சு போச்சு. பொது அடுப்புல யாரும் இல்ல. உங்க ஆளுங்க எல்லாரும் பொண்டாட்டி வீட்டுச் சோறுதான் திங்கிறாங்க. நீங்க மட்டும் பாரந்தூக்கிக் கூண்டுக்குள்ள கஞ்சி காய்ச்சிக்கிட்டு..."

"எங்க அப்பன் காலத்துல கம்பெனிக்காரன் நல்லாத்தாண்டி வெச்சிருந்தான்" என்றார் ஆதிமூலம். "கம்பெனி வீடு, கம்பெனி ஆஸ்பத்திரி, கம்பெனி அரிசி. ஒரு நாள் காலையில மணல் போதும்னு சொல்லி விளக்கை அணைச்சுட்டுக் கப்பலேறிட்டான். உங்களுக்கு என்ன வேணும்னு ஒருத்தனையும் கேக்கல. ஏன் கேக்கணும்? அவன் குடுத்தது, அவன் நிறுத்துனான். அன்னிக்கு எங்க அப்பன் துறைமுகத்துல நின்னு அழுத அழுகையைப் பாத்தவன் நான்."

"இவங்க நிறுத்தும்போது பாத்துக்கலாம். இன்னிக்குத் தாகம் இன்னிக்குத்தானே எடுக்குது?"

"நீ சொல்றதும் சரிதான்" என்றார். அப்படி அவர் ஒத்துக்கொண்டது அவளைக் கலக்கியது. குனிந்து செருப்பை மாட்டியபோது அவர் கால் வீங்கியிருப்பதைப் பார்த்தாள். வார் ஏறவில்லை. கேட்டதற்கு, நின்றே வேலை பார்க்கிற கால் என்றார்.

ஐந்தாம் ஆண்டு, சொன்னபடி ஊசியோடு வந்தார்கள். துறைமுகக் கொட்டகையில் மேசை போட்டு, சுதந்திர நாட்டவரை வரிசையில் நிறுத்தினார்கள். விரல் நுனியில் ஒரு குத்து. சொட்டை ஒரு சின்ன எந்திரம் உறிஞ்சிக்கொள்ளும். அடையாளம் இருந்தால் நீலம், இல்லாவிட்டால் வெள்ளை.

முதல் ஆள் நீலம். அடுத்தவர் நீலம். லூர்துவின் புருஷனுக்கு எந்திரம் குத்தி எடுப்பதற்குள் நீலமாகிவிட்டது போலிருந்தது. 'ரத்தம் பூரா அதுதான்' என்று லூர்து தலையிலடித்துக்கொண்டாள். எழிலரசு மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்து விரலை நீட்டினார். நீலம்.

"மோசடி!"

"எந்திரம் பொய் சொல்லாது, ஐயா."

"நான் என் வீட்டுல உங்க தண்ணியைச் சேர்த்ததே இல்ல. போன இடத்துல மரியாதைக்கு ஒரு வாய். அது குடிச்சதாகுமா? கேளுங்க, ஊரைக் கேளுங்க!"

"ஆகாது, ஆகாது" என்று வரிசை முழுக்கக் குரல் எழுந்தது.

நிவேதன் உண்மையிலேயே வருத்தப்பட்டான். "மரியாதை எந்திரத்துக்குத் தெரியாது, ஐயா. தண்ணீர் மட்டும்தான் தெரியும்."

வரிசையின் கடைசியில் ஆதிமூலம் நின்றார். பவளம் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தினமும் ஒரு செம்பு, ஐந்து வருஷம். இவருக்குக் கருநீலமாகவே வரும் என்று நினைத்தாள். அவமானப்பட்டுத் திரும்புகிறவரை எப்படித் தேற்றுவது என்று மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது. இனி அவருக்கும் குழாய் திறக்கும்.

எந்திரம் வெள்ளை காட்டியது.

மறுபடி குத்தினார்கள். வெள்ளை. வேறு எந்திரம் கொண்டுவந்தார்கள். வெள்ளை.

நிவேதன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். "ஐயா, சுதந்திர நாட்டில் தாங்கள் ஒருவர் மட்டுமே குடிமகன். சட்டப்படி அதன் தலைவரும் தாங்களே."

"அப்படியா?" ஆதிமூலம் விரலைச் சப்பிக்கொண்டார். "அப்ப எங்க நாட்டுக்குள்ள வந்து நிக்கிறியே தம்பி, அனுமதி வாங்கினியா?"

நிவேதன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். "எல்லை எது, ஐயா?"

"நான் நிக்கிற இடம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எழிலரசு கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றவர் காதில் விழாதபடி சொன்னார்: "உத்தமன்னு காட்டிட்ட. எங்க எல்லாரையும் நடுத்தெருவுல அவுத்து நிறுத்திட்ட. உன் தண்ணி எனக்கு இனிமே வேண்டாம்டா."

"என்கிட்ட ஏது தண்ணி?" என்றார் ஆதிமூலம்.

வீடு வந்ததும் பவளம் நேரே கொல்லைக்குப் போனாள். எலுமிச்சை மரத்தடி ஈரமாக இருந்தது. காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

"இதுக்குத்தான் ஊத்தினீங்களா?"

"வேண்டாம்னா உன் மனசு நோகுமேன்னுதான்..."

"இப்ப நோகலையா?"

அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். உட்காரும்போதே மூச்சு வாங்கியது.

"எங்க குடிச்சீங்க இத்தனை நாளா?"

"கிடங்குக்குப் பின்னால இருக்குற கிணறு."

"அது உப்பாச்சே! அதுல மாடுகூட வாய் வைக்காதே!"

"பழகிடுச்சு."

"தினமும் வாசல்ல செம்போட நின்னேன். நான் வெச்ச தண்ணியைத் தொடாம இருந்தீங்க. நம்ம ஊருல அதுக்கு என்ன அர்த்தம்? சொல்லுங்க. நமக்குள்ள என்ன உறவுங்க மிச்சம்?"

"ரெண்டு நாட்டுக்கு நடுவுல என்ன உறவோ அது" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவர் காலைப் பார்த்தாள். வீக்கம் முழங்காலுக்கு வந்திருந்தது. முகமும் உப்பியிருந்தது. ஐந்து வருஷமாகத் தன் கண்ணில் படாதது ஒரே பார்வையில் பட்டது.

ஆஸ்பத்திரிக் கதவு அவர் கைக்குத் திறக்கவில்லை. பவளம் கையைக் காட்டித் திறந்து உள்ளே இழுத்துப் போனாள். டாக்டர் அம்மாள் நல்லவள். தொட்டுப் பார்க்கும் வரை சட்டம் பேசவில்லை. பார்த்துவிட்டுப் பவளத்தைத் தனியே கூப்பிட்டாள்.

"சிறுநீரகம் ரெண்டும் போயிட்டுது, அம்மா. புதுசு வளர்த்து வைக்கலாம், எங்ககிட்ட அந்த வசதி இருக்கு. ஆனா இவர் வேற நாட்டுக்காரர். அவங்க அரசாங்கம் சம்மதிச்சாத்தான் தொட முடியும்."

"அவங்க அரசாங்கம் அவருதான்."

"அப்ப அவரைச் சம்மதிக்கச் சொல்லுங்க. எங்களோட சேர்ந்துட்டதா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பவளம் சொன்னாள். அழுதாள். காலைப் பிடித்தாள். கடைசியில் கோபித்தாள்.

"உங்க நாட்டுல ஒருத்தரும் இல்லைங்க! யாருக்காகக் காப்பாத்துறீங்க?"

"ஒருத்தரும் இல்லாததுக்கும் ஒருத்தன் இருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு."

"நான் ஒருத்தி இருக்கேனே, அது பெரிசாத் தெரியலையா?"

"தெரியுது." அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "அதான் கஷ்டமா இருக்கு. நான் மூச்சோட இருக்கற வரைக்கும் நம்மள யாராச்சும் கேட்டா 'இல்ல'ன்னு சொல்ல இந்தத் தீவுல ஒரு வாய் இருக்கு. என்னைக் கெஞ்சாதே பவளம். கெஞ்சினா சரின்னு சொல்லிடுவேன்."

அவள் கெஞ்சுவதை நிறுத்தினாள். பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம், இன்னும் ஒரே ஒருதரம் கெஞ்சியிருக்கலாமே என்று தோன்றும்.

மழை பிடித்த ஒரு பகல் நேரத்தில் ஆதிமூலம் நினைவு தப்பினார். லூர்துவும் அவள் புருஷனும் கட்டிலோடு தூக்கி ஆஸ்பத்திரி முற்றத்தில் இறக்கினார்கள். டாக்டர் அம்மாள் ஓடிவந்து நாடியைப் பிடித்தாள்.

"சொன்னாரா?"

"இல்ல."

டாக்டர் அம்மாள் பவளத்தைப் பார்க்காமல், மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சொல்லத்தான் வேணும்னு இல்ல. ஒரு வாய் இறங்கினாக்கூடப் போதும். ரத்தத்துல காட்டிடும். நான் உடனே உள்ளே எடுத்துப்பேன்."

"நெனவில்லாத ஆளுக்கா?" என்றாள் லூர்து.

"எந்திரத்துக்கு அது தெரியாது."

தண்ணீர் கொண்டுவர யாரும் சொல்லவில்லை. பவளமே உள்ளே போய்க் குழாயில் கையைக் காட்டி ஒரு குவளை பிடித்தாள். யாரோ கரண்டி கொடுத்தார்கள். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது. 'கெஞ்சாதே' என்ற வாய்.

"நான் கெஞ்சலைங்க" என்றாள். கரண்டியைச் சரித்தாள்.

தொண்டை அசைந்தது. தாகம் பிடித்த உடம்புக்கு நாடு தெரியவில்லை. இன்னொரு கரண்டிக்கு வாய் தானாகத் திறந்தது. விரலில் குத்தினார்கள். நீலம். கட்டில் உள்ளே ஓடியது.

மழை விட்டதும் நிவேதன் வந்தான். நனைந்திருந்தான், முகத்தில் உண்மையான மகிழ்ச்சி. "வாழ்த்துகள் அம்மா. இன்று முதல் தீவு முழுவதும் ஒரே நாடு. ஒரு துளி ரத்தம் சிந்தாமல் முடிந்தது."

"ஒரு துளி எடுத்தீங்களே" என்றாள் பவளம்.

அவனுக்கு அது புரியவில்லை. தயங்கிவிட்டு, "அந்தக் கரண்டியைத் தர முடியுமா? வரலாற்றுப் பொருள்" என்றான்.

ஆதிமூலம் பிழைத்தார். புதுச் சிறுநீரகம் ஒட்டிக்கொண்டது. வீக்கம் வடிந்து, இளமை திரும்பினாற்போல் ஆனார். வீட்டில் குழாய் அவர் கைக்குத் திறந்தது. வாசலுக்கு அலைச்சுவர் வந்தது, அறைக்குக் குளிர்சாதனம் வந்தது, மாதாமாதம் ஓய்வூதியம் வந்தது. பெருநிலம் சொன்ன எதையும் தவறவிடவில்லை. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

யார் செய்தது என்று அவர் கேட்கவே இல்லை. திட்டுவார் என்று பவளம் காத்திருந்தாள். முதல் வாரம் காத்திருந்தாள். பிறகு, வலிய வம்புக்கு இழுத்தாள். குழம்பில் உப்பை அள்ளிப் போட்டாள். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். செம்பை நீட்டினால் அவள் எதிரிலேயே குடித்து முடித்து, "நன்றி" என்றார். கட்டின புருஷன் நன்றி சொன்னால் ஒரு பெண்பிள்ளை எங்கே போய் முட்டிக்கொள்வது? லாட்ஜில் அறை எடுத்துத் தங்கியவர் மாதிரி வீட்டில் இருந்தார். கொல்லைப் பக்கம் போவதில்லை. எலுமிச்சைக்குப் பவளம்தான் ஊற்றினாள்.

"சாமி மாதிரிடி நீ. உசிரை மீட்டுட்டியே" என்றார்கள் தெருவில். "உன்னால தீவுக்கே ஒரு வழி பொறந்துச்சு" என்றார் எழிலரசு. அவர் இப்போது துறைமுக ஆலோசகர். பழையபடி செம்பைக் காலி செய்தார்.

வருஷம் திரும்பியது. மறுபடி வாக்கெடுப்பு வந்தது.

"எதுக்கு? அதான் எல்லாரும் ஒண்ணாயிட்டோமே" என்று லூர்து அலுத்துக்கொண்டாள்.

"ஒப்பந்தத்தில் இருக்கிறது, அம்மா. தண்ணீரில் புதிய அடையாளம் கலந்து கணக்கையும் புதிதாகத் தொடங்குவோம், பழைய அடையாளம் இனிச் செல்லாது. கேட்க வேண்டியது எங்கள் கடமை. வெறும் சம்பிரதாயம்" என்றான் நிவேதன்.

துறைமுக அலுவலகத்தின் கூடத்திலேயே மேசை போட்டிருந்தார்கள். சுவரோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பட்டுத்துணியில் ஆஸ்பத்திரிக் கரண்டி கிடந்தது. பக்கத்தில் பவளத்தின் படம். மடியில் அவர் தலை, கையில் கரண்டி. யார் எப்போது எடுத்தார்களோ. கீழே 'இணைப்பின் தாய்' என்று எழுதியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் அதைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

ஆதிமூலம் அந்தப் படத்தைப் பார்த்தார். இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறார். முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. மேசைக்குப் போய், "எதை அமுக்கணும் தம்பி?" என்று கேட்டார். நிவேதன் காட்டிய இடத்தை அமுக்கிவிட்டு வெளியே போனார்.

அடுத்து பவளம். இரண்டு பொத்தான்கள். நீலம், வெள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து அவளே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வெள்ளையை அமுக்கினாள்.

"அம்மா! தவறுதலாகப் பட்டுவிட்டது. மாற்றிவிடலாம்."

"தவறலை."

"தண்ணீர் வராது, அம்மா. ஆஸ்பத்திரிக் கதவு திறக்காது. தாங்களே... தாங்களே ஏன்?" அவன் பாடத்தமிழ் முதல்முறையாகத் தடுக்கியது.

"யாராவது ஒருத்தர் இருக்கணும்ல?" என்றாள். கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். "அந்தக் கையை வெச்சுக்கிட்டு எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல."

வாசலுக்குச் சேதி அவளுக்கு முன்னால் போயிருந்தது. ஆதிமூலம் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

பவளம் நின்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். "இன்னொரு தரம் சொல்லுங்க."

"அறிவிருக்கா உனக்கு? அந்தக் கிணத்துத் தண்ணிய ஒரு நாள் வாயில வெச்சிருப்பியா? உப்புக் கரிக்கும்டி! நாக்கு தோலுரியும்! ஒரு வருஷம் தாங்குவியா? நான் பட்டது போதாதா?"

"உங்களுக்கு அஞ்சு வருஷம் தாங்குச்சே."

"நான் முட்டாள்!"

"நானும் உங்க பொண்டாட்டிதானே."

தெரு வேடிக்கை பார்த்தது. அவர் கையை ஓங்கி, ஓங்கிய கையாலேயே தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. பவளத்துக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதிலாக வலது கையை அவர் முன்னால் மல்லாத்தி நீட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். சத்தியம் பண்ணிக் குடுங்க. நாளைக்கு நான் நெனவில்லாம கிடந்தா, கரண்டியும் கையுமா என் பக்கத்துல வரக் கூடாது."

ஆதிமூலம் அந்தக் கையைப் பார்த்தார். அலைச்சுவருக்கு அப்பால் கடல் இருந்த திசையைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். நாட்டுக்காக உப்பைக் குடித்தவர். அவரால் முடியும் என்று அவள் நம்பினாள்.

"பண்ணுங்க. என் நாட்டை விட்டுருங்க."

அவர் தன் இரண்டு கைகளையும் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார்.

"வருவேன்" என்றார்.